சிதியன் ஊர் அம்மன் அந்த ஊர்க்காரர்களின் அம்மன்

இந்த வாரம் மட்டும் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே படம் வந்துவிட்டது. நான்கு கைகளோடு ஓர் அம்மன், காலடியில் விழுந்து கிடக்கும் அசுரன், இரண்டு பக்கமும் சேடிகள். கீழே "சீனாவில் தமிழன் கோயில், பெருமையோடு பகிருங்கள்" என்று ஒரு வரி. எந்த ஊர், யார் கும்பிடுகிறார்கள் என்று ஒரு தகவலும் இல்லை. மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஊர் பெயர் சிதியன். சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியன் மாகாணத்தில், சுவான்சௌ நகரத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே ஒரு சின்ன ஊர்க் கோயிலில் இந்தச் சிலை இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு இவள் குவான்யின், கருணையே உருவான தாய்.

சுவான்சௌவில் தமிழ் வணிகர்கள் இருந்தது உண்மைதான். சோங், யுவான் அரசுகளின் காலத்தில் அது பெரிய துறைமுகம். 1281ஆம் ஆண்டுச் சித்திரையில் சம்பந்தப் பெருமாள் என்பவர் அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் கானின் நலம் வேண்டி அங்கே சிவனை எழுந்தருளப் பண்ணியதாகத் தமிழ்க் கல்வெட்டே சொல்கிறது. அதன் கடைசியில் சீன எழுத்தும் உண்டு. அப்புறம் 1357 முதல் 1366 வரை அந்த நகரத்தில் பெரும் கலகம். வெளிநாட்டார் மேல் வெறுப்பு மூண்டது. சிவன் கோயில் போயிற்று, கற்கள் சிதறின. அதில் இரண்டு தூண்கள் கையுவான் என்ற பெரிய பௌத்தக் கோயிலின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தன. உரலை இழுத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே தவழும் கண்ணனை இன்றும் அந்தத் தூணில் பார்க்கலாம். நிறையக் கற்கள் அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நம்முடைய பதிவுகள் எல்லாம் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்ததுதான்.

சுமார் 500 வருடங்களுக்கு முன்னால் சிதியன் கோயில் இடிந்து விழுந்தது, ஊர்க்காரர்கள் இடிபாட்டைத் தோண்டிச் சிலையை வெளியே எடுத்துத் திரும்பவும் கோயில் கட்டினார்கள் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். அவளால் ஊருக்கு நல்லது நடக்கிறது என்ற நம்பிக்கை. சுவான்சௌவில் கோயில் கட்டிய தமிழ் வணிகன் போய்விட்டான், அவன் மொழியும் அந்த ஊரில் இல்லை. மண்ணுக்குள் கையை விட்டவர்கள் அந்த ஊர் விவசாயிகள்.

ஃபூஜியன் பக்கத்து ஊர்க் கோயில்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு நம்ம ஊர்தான் ஞாபகம் வருகிறது. பிறை வடிவத்தில் இரண்டு மரக்கட்டைகள் வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் உப்பல். சாமியிடம் கேள்வியைச் சொல்லிவிட்டுத் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று உப்பலுமாக விழுந்தால் சாமி சரி என்கிறது. இரண்டும் உப்பல் மேலாக விழுந்தால் கூடாது. இரண்டு தட்டைப் பக்கமும் மேலே தெரிந்தால் சாமி சிரிக்கிறது என்று அர்த்தம், திரும்பக் கேட்க வேண்டும். நாம் பூக்கட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? புதிதாக ஒரு கோயில் எழுப்பும்போது தாய்க் கோயிலின் தூபக் கலயத்திலிருந்து சாம்பல் எடுத்துப் போவார்கள். நம்மிடம் பிடிமண் எடுத்துப் போவது போலவே.

இந்தக் கோயில்கள் சும்மா பிழைத்து வரவில்லை. 1966இல் தொடங்கிய கலாச்சாரப் புரட்சியில் சீனா முழுக்க ஊர்க் கோயில்களை இடித்தார்கள், சிலைகளை உடைத்தார்கள், தானியக் கிடங்காக மாற்றினார்கள். 1980களில் ஃபூஜியன் ஊர்க்காரர்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுப்பினார்கள். சிங்கப்பூர், மலேசியா, பிலிப்பைன்ஸ் போய்ப் பிழைத்த சொந்தக்காரர்கள் பணம் அனுப்பினார்கள்.

அதனால் "அவர்கள் தவறாகக் குவான்யின் என்று கும்பிடுகிறார்கள்" என்று நம்மவர் சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தனை நூற்றாண்டு ஊதுவத்தி ஏற்றிய பெயர் எப்படித் தவறாகும்? குவான்யின் வேறு யாருமில்லை, பௌத்தத்தில் கருணையின் போதிசத்துவரான நம்முடைய அவலோகிதன்தான். சீனாவுக்குப் போனபோது ஆண் உருவம், சோங் காலத்துக்குள் பெண்ணாகி, தாயாகிவிட்டார். அந்த அவலோகிதனிடம்தான் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று 11ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான வீரசோழியம் சொல்கிறது. இதைப் படித்த அன்று வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

சிலையை மீட்க வேண்டும், மியூசியத்தில் வைக்க வேண்டும் என்றும் கமெண்டுகளில் சிலர் எழுதுகிறார்கள். வேண்டாம். மியூசியத்துக் கற்களுக்கு யார் பூ வைக்கிறார்கள்? அவள் முன்னால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு அம்மா நிற்கும்வரை அவள் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

படத்தைப் பகிருங்கள், தடுக்கவில்லை. கூடவே சிதியன் என்ற ஊர்ப் பெயரையும், குவான்யின் என்று அவர்கள் வைத்த பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.