உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது யார் நிலம்?

உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், சென்னையில் காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடும் ஓட்டலாக இருந்தது. "கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், ஓட்டல்காரர்களின் சொந்த நிலம், அரசு பிடுங்கி இடித்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வருத்தம் புரிகிறது, ஆனால் தகவல் தவறு. அது அரசு நிலம். உட்லண்ட்ஸ் ஓட்டல்களைத் தொடங்கிய கிருஷ்ணா ராவ் 1962-ல் அதைக் குத்தகைக்கு எடுத்துத்தான் அங்கே ஓட்டல் நடத்தினார். குத்தகை விவகாரம் வழக்கு வரை போய், 2008-ல் ஓட்டலை மூடினார்கள். அப்புறம்தான் கட்டடம் போனது.

இன்னொருவர் "மரங்களையும் வெட்டி மொட்டையாக்கிவிட்டார்கள்" என்கிறார். அதுவும் சரியில்லை. 2010 நவம்பரில் திறந்த செம்மொழிப் பூங்கா அதே இடம்தான். கார் நிறுத்த நிழல் தந்த பழைய மரங்களில் பல இன்னும் அங்கே நிற்கின்றன, போய்ப் பார்க்கலாம். கார் கண்ணாடியில் மாட்டிய தட்டில் காபி குடித்தவர்களுக்கு அது ஆறுதல் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன்.

ராதாகிருஷ்ணன் சாலை நியூ உட்லண்ட்ஸையும் சேர்த்து மூடிவிட்டதாக எழுதாதீர்கள். அது வேறு ஓட்டல். 2008-ல் மூடியது டிரைவ்-இன் மட்டும்தான்.