ஓனர் டோல்ட் மீ

(கொடைக்கானல். வட்டக்கானல் போகிற வழியில் வாடகைக்கு விடுகிற ஒரு காட்டேஜ். வாசலை ஒட்டி வாட்ச்மேன் அறை, அதன் முன்னால் ஒரு சின்னத் திண்ணை. மாலை ஐந்து மணிக்கே பனிமூட்டம் கேட் வரைக்கும் வந்துவிட்டது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற அக்கா மகள் முறத்தில் மலைப்பூண்டை வைத்து உரித்துக்கொண்டிருக்கிறாள். மடியில் இங்கிலீஷ் கிராமர் நோட்ஸ். காட்டேஜைப் பார்த்துக்கொள்கிற தாய்மாமன் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு வந்து உட்காருகிறார். முகம் சரியில்லை.)

மாமா: பாப்பா, இங்கிலீஷில் 'ஐ' என்றால் நான்தானே?

பாப்பா: ஆமாம் மாமா. இதில் என்ன சந்தேகம்?

மாமா: அப்போது ரெண்டாம் நம்பர் ரூம்காரர் என்னிடம் ஆறாயிரம் ரூபாய் கேட்பதில் தப்பே இல்லை.

பாப்பா: நீங்கள் எதற்கு அவருக்குத் தர வேண்டும்?

மாமா: நேற்று ராத்திரி ஓனர் மதுரையிலிருந்து போன் பண்ணினார். 'ஐ வில் கம் டுமாரோ, ஐ வில் ரிட்டர்ன் த அட்வான்ஸ். இதை அப்படியே போய் அவரிடம் சொல்லு' என்றார். நானும் அட்சரம் பிசகாமல் சொன்னேன். 'சார், ஓனர் செட், ஐ வில் கம் டுமாரோ, ஐ வில் ரிட்டர்ன் த அட்வான்ஸ்.' காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டுகிறார். திறந்தால் கையுறை போட்ட கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். டெல்லிக்காரர்.

பாப்பா: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) தமிழில் 'நான் வருகிறேன் என்று சொன்னார்' என்றால் போதும். பின்னால் வருகிற 'என்று' அந்த 'நானை'ப் பிடித்து ஓனர் தலையில் கட்டிவிடும். இங்கிலீஷில் வாயால் சொல்லும்போது மேற்கோள்குறி யார் கண்ணுக்குத் தெரியும்? 'ஹி செட் தட் ஹி வுட் கம்' என்று மாற்றியிருக்க வேண்டும். இன்டைரக்ட் ஸ்பீச். நாளைக்கு எனக்கு அதில்தான் டெஸ்ட்.

மாமா: அப்படியா? முறத்தை இப்படித் தள்ளு. நான் உரிக்கிறேன், நீ எனக்கு அதைச் சொல்லிக் கொடு. நீயும் படித்த மாதிரி ஆச்சு.

(தாய்மாமன்கள் பூண்டு உரிக்க முன்வருவது அபூர்வம். பாப்பா முறத்தை உடனே தள்ளிவிட்டாள்.)

பாப்பா: முதலில் ஆட்கள். 'ஐ, மை, மீ' எல்லாம் சொன்னவரைப் பார்த்து மாறும். 'யூ, யுவர்' கேட்டவரைப் பார்த்து மாறும். 'ஹி, ஷி, தே' மாறாது. அப்புறம் 'செட் டு' என்று வந்தால் 'டோல்ட்'. இப்போது ஒரு வாக்கியம் சொல்லுங்கள்.

மாமா: எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓனர் சொல்கிற வாக்கியம்தான். 'ஓனர் செட் டு மீ, யூ ஆர் எ ஃபூல்.'

பாப்பா: நல்ல உதாரணம். 'ஓனர் டோல்ட் மீ தட் ஐ வாஸ் எ ஃபூல்.'

மாமா: (உரிப்பதை நிறுத்தி) இது என்ன பாப்பா அநியாயமாக இருக்கிறது? திட்டினது அவர். நான் நாலு பேரிடம் சொன்னால் அவர் பெயர்தானே கெட வேண்டும்? இதில் நானே 'ஐ வாஸ் எ ஃபூல்' என்று வாக்குமூலம் கொடுக்கிறேனே!

பாப்பா: கிராமர் அப்படித்தான் மாமா.

மாமா: சரி, அந்த 'ஆர்' எங்கே போனது?

பாப்பா: 'வாஸ்' ஆகிவிட்டது. 'டோல்ட்' என்று முடிந்துபோன காலத்தில் சொல்கிறோம் இல்லையா, அதனால் உள்ளே இருக்கிறதும் ஒரு காலம் பின்னால் போகும்.

மாமா: அதாவது அன்றைக்கு முட்டாள். இன்றைக்கு இல்லை.

பாப்பா: அப்படி ஒன்றும்... சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா: மரியாதை தெரிந்த பாஷைதான். மேலே சொல்லு.

பாப்பா: 'வில்' 'வுட்' ஆகும். 'கேன்' 'குட்' ஆகும். 'மே' 'மைட்' ஆகும். 'ஹேவ்' 'ஹேட்' ஆகும். ஏற்கெனவே 'கேம்' என்று கடந்த காலத்தில் இருந்தால், அது 'ஹேட் கம்' ஆகும்.

மாமா: புரிகிறது. மலைப்பாதை வளைவில் முன்னால் நிற்கிற பஸ் ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் இருக்கிற கார், வேன் எல்லாம் ஆளுக்கு ஒரு வண்டி தூரம் பின்னால் போக வேண்டும். அதானே?

பாப்பா: அதேதான் மாமா! எங்கள் டீச்சர் ரெண்டு பீரியட் எடுத்ததை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள்.

மாமா: கடைசி வண்டி என்ன பண்ணும்? 'ஹேட் கம்' என்றே இருந்தால்?

பாப்பா: அதற்குப் பின்னால் இடம் இல்லை. நின்ற இடத்திலேயே நிற்கும்.

மாமா: பின்னால் பள்ளம். சரி, முன்னால் நிற்கிற பஸ் ரிவர்ஸே எடுக்கவில்லை என்றால்?

பாப்பா: அதுதான் 'ஓனர் செய்ஸ்'. 'செட்' இல்லாமல் 'செய்ஸ்' என்று வந்தால் யாரும் பின்னால் போக வேண்டாம். காலம் அப்படியே இருக்கும்.

மாமா: அட, அப்படியென்றால் ஆயுசுக்கும் 'ஓனர் செய்ஸ்' என்றே ஓட்டிவிடுகிறேனே! எதற்கு இந்த வம்பு?

பாப்பா: காலம் மாறாது, ஆனால் ஆள் மாறித்தான் ஆக வேண்டும். 'ஓனர் செய்ஸ், ஐ வில் ரிட்டர்ன்' என்றால் ஆறாயிரம் அப்போதும் உங்கள் தலையில்தான்.

(மாமா மறுபடி பூண்டில் கை வைக்கிறார். உரித்த தோல் ஒன்று பறந்து போய் நோட்ஸில் 'நவ் – தென்' என்ற இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. பாப்பா நகத்தால் சுரண்டுகிறாள். தோல் வந்தது, கூடவே 'தென்'னில் பாதியும் வந்தது.)

பாப்பா: மாறாத இன்னொன்று இருக்கிறது. எப்போதும் உண்மையாக இருக்கிற விஷயம். 'த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்' என்று டீச்சர் சொன்னால், 'டீச்சர் செட் தட் த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்'. சூரியனை 'ரோஸ்' ஆக்கக் கூடாது.

மாமா: இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு சூரியனைச் சத்தியம் என்கிறாயே? நான் பார்த்து நாலு நாள் ஆச்சு.

பாப்பா: மேலே அப்சர்வேட்டரியில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1909-இல் எவர்ஷெட் என்கிற விஞ்ஞானி அங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தார். நீங்கள் பார்க்கவில்லை என்பதற்காக அது உதிக்காமல் இருக்குமா?

மாமா: சரி, நான் ஒரு சத்தியம் சொல்கிறேன். 'ஐ டோல்ட் த கெஸ்ட் தட் குறிஞ்சி ப்ளூம்ஸ் ஒன்ஸ் இன் ட்வெல்வ் இயர்ஸ்.'

பாப்பா: பிரமாதம்! 'ப்ளூம்ஸ்' அப்படியே இருக்கிறது பாருங்கள். யாரிடம் சொன்னீர்கள்?

மாமா: முந்தாநாள் வந்த புது ஜோடியிடம். குறிஞ்சியைப் பார்க்காமல் போக மாட்டோம் என்றார்கள். 2018-இல் பூத்தது, அடுத்தது 2030, வேண்டுமென்றால் ரூமை இப்போதே புக் பண்ணுங்கள் என்றேன்.

பாப்பா: அடுத்தது கேள்வி. ஆமாம், இல்லை என்று பதில் வருகிற கேள்விக்கு 'இஃப்' அல்லது 'வெதர்' போட வேண்டும். போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, 'டூ யூ ஹேவ் இ-பாஸ்?' என்று கேட்கிறார்.

மாமா: 2024 மே மாதத்திலிருந்து அதைத்தானே கேட்கிறார்கள்.

பாப்பா: 'த போலீஸ்மேன் ஆஸ்க்ட் அஸ் இஃப் வீ ஹேட் இ-பாஸ்.' முன்னால் நின்ற 'டூ' போய்விட்டது, கேள்விக்குறியும் போய்விட்டது. 'வேர்', 'வென்' என்று தொடங்குகிற கேள்வியில் 'இஃப்' வேண்டாம், அந்த வார்த்தையே போதும். ஆனால் பின்னால் வருகிற வரிசையை மாற்ற வேண்டும். முக்கால்வாசிப் பேர் மார்க்கை விடுவது அங்கேதான். 'வேர் இஸ் த பாத்ரூம்?'

மாமா: 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் வாஸ் த பாத்ரூம்.'

பாப்பா: பார்த்தீர்களா, விட்டுவிட்டீர்கள்! 'வேர் த பாத்ரூம் வாஸ்.' அவர் கேட்டது கேள்வி. நீங்கள் சொல்வது சேதி. சேதியில் பாத்ரூம் முன்னால் வரும், 'வாஸ்' பின்னால் வரும்.

மாமா: கேட்டவர் அவசரத்தில் இருப்பார் பாப்பா. நான் வரிசையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தால் விபரீதமாகிவிடும்.

பாப்பா: கட்டளைக்கு 'டு'. வேண்டாம் என்றால் 'நாட் டு'. 'டோன்ட் கோ நியர் த பைசன்' என்று நீங்கள் கத்தினால், 'ஐ டோல்ட் தெம் நாட் டு கோ நியர் த பைசன்'.

மாமா: போன வாரம் கேட்டுக்குப் பக்கத்தில் காட்டுமாடு நின்றது. ஒருத்தர் போனைத் தூக்கிக்கொண்டு செல்ஃபி எடுக்கப் போனார். அந்த நேரத்தில் எனக்கு டைரக்ட் ஸ்பீச்சே வரவில்லை. 'ஏய்' என்றுதான் வந்தது.

பாப்பா: 'ஏய்' எல்லாம் இன்டைரக்டில் வராது. ஆச்சரியக்குறி போட்டதெல்லாம் 'எக்ஸ்க்ளெய்ம்ட்' ஆகிவிடும். 'வாட் எ பியூட்டிஃபுல் பிளேஸ்!' என்றால், 'ஹி எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய் தட் இட் வாஸ் எ வெரி பியூட்டிஃபுல் பிளேஸ்'.

மாமா: வித் ஜாயா? அவருக்குக் குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

பாப்பா: பரீட்சையில் ஜாய் போட்டால்தான் மார்க் மாமா. துக்கம் என்றால் 'அலாஸ்' என்று கொடுப்பார்கள், 'வித் சாரோ' என்று எழுதுவோம்.

(காலைத் தடுக்கிக்கொண்டு 'அலாஸ்' என்று கத்தியவர் ஒருவரையாவது யாராவது பார்த்ததுண்டா? பரீட்சைத் தாளில் மட்டும் அந்த ஜீவராசி இன்னும் உயிரோடு இருக்கிறது.)

மாமா: இந்தப் பக்கத்தில் என்ன கட்டம் போட்டிருக்கிறாய்?

பாப்பா: 'டுடே' 'தட் டே' ஆகும், 'டுமாரோ' 'த நெக்ஸ்ட் டே' ஆகும், 'திஸ்' 'தட்' ஆகும், 'ஹியர்' 'தேர்' ஆகும். நம் தமிழிலும் உண்டு. நேர்க்கூற்று, அயற்கூற்று. இன்று அன்று ஆகும், நாளை மறுநாள் ஆகும், இது அது ஆகும். ஆனால் தமிழில் வினையைப் பின்னால் தள்ள வேண்டாம். 'தான் மறுநாள் வருவதாகச் சொன்னார்', முடிந்தது கதை.

மாமா: நம்முடையது நல்ல ரோடு. ரிவர்ஸே இல்லை.

பாப்பா: ஆனால் இந்தக் கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது என்று டீச்சர் சொன்னார். நோட்ஸில் 'ஹியர்' எப்போதும் 'தேர்' என்று போட்டிருக்கும். நிஜத்தில் நீங்கள் அதே இடத்தில் நின்றுகொண்டு சொன்னால் 'ஹியர்' 'ஹியர்'தான். அதே நாளில் சொன்னால் 'டுமாரோ'வும் 'டுமாரோ'தான். சொல்கிறவர் எங்கே, எப்போது நிற்கிறார் என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

(மாமாவின் போன் அடிக்கிறது. பெயரைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறார்.)

மாமா: எஸ் சார்... எஸ் சார்... வெந்நீர் வரவில்லை என்று ரெண்டாம் நம்பரில் மதியத்திலிருந்து கேட்கிறார் சார்... ஓ... எஸ் சார்... இன்றைக்கு வரவில்லையா சார்? சரி சார்... சொல்லிவிடுகிறேன் சார். (போனை வைத்துவிட்டு) பாப்பா, அந்தப் பேனாவைக் கொடு. இன்றைக்கு ஒரு தப்பு வரக் கூடாது. எழுதிவைத்தே படித்துவிடுகிறேன்.

பாப்பா: ஓனர் என்ன சொன்னார்? டைரக்டில் சொல்லுங்கள்.

மாமா: 'த ஹீட்டர் இஸ் நாட் ஒர்க்கிங். டோன்ட் டெல் தெம். டெல் தெம் தேர் இஸ் நோ கரண்ட்.'

பாப்பா: நல்ல பயிற்சி! மூன்று வாக்கியம், அதில் ரெண்டு கட்டளை. எழுதுங்கள்.

(மாமா நாக்கைக் கடித்துக்கொண்டு, டெல்லிக்காரரின் பில்லுக்குப் பின்பக்கத்தில் எழுதுகிறார். ஒரு இடத்தில் அடித்துத் திருத்துகிறார். பாப்பா வாங்கிப் பார்க்கிறாள்.)

பாப்பா: 'ஓனர் டோல்ட் மீ தட் த ஹீட்டர் வாஸ் நாட் ஒர்க்கிங்.' சரி. 'ஹி டோல்ட் மீ நாட் டு டெல் யூ.' அட! 'தெம்' என்று இருந்ததை 'யூ' ஆக்கியிருக்கிறீர்களே!

மாமா: அவரிடமே போய்ச் சொல்கிறேன், அவரைப் பார்த்துக்கொண்டு 'தெம்' என்றால் நன்றாகவா இருக்கும்?

பாப்பா: மூன்றாவது ஆள் மாறாது என்று நோட்ஸில் இருக்கிறது. அதைத் தாண்டி யோசித்திருக்கிறீர்கள்! 'ஹி டோல்ட் மீ டு டெல் யூ தட் தேர் வாஸ் நோ கரண்ட்.' பத்துக்குப் பத்து மாமா. எங்கள் கிளாஸில் ஒருத்தரும் இப்படி எழுத மாட்டார்கள்.

மாமா: பின்னே! (மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு, பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்.)

(பாப்பா ரெண்டு பூண்டு உரிக்கிறாள். மூன்றாவதைக் கையில் எடுத்தவள் அப்படியே நிமிர்கிறாள்.)

பாப்பா: மாமா! மாமா, நில்லுங்கள்! அதைச் சொல்லிவிடாதீர்கள்!

(பனிமூட்டத்துக்குள்ளிருந்து ரெண்டாம் நம்பர் கதவு சாத்துகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மாமா திரும்பி வருகிறார்.)

பாப்பா: படித்துவிட்டீர்களா?

மாமா: நிறுத்தி நிதானமாக. அவர் தலைக்கு மேலே ட்யூப்லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. 'நோ கரண்ட்' என்கிற இடத்தில் அதை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

பாப்பா: ஐயோ! அப்புறம் என்ன சொன்னார்?

மாமா: 'ஹி ஆஸ்க்ட் மீ வெதர் தேர் வாஸ் எனி அதர் காட்டேஜ் நியர் தேர்.'

பாப்பா: 'நியர் ஹியர்' மாமா. நீங்கள் இன்னும் இங்கேதானே நிற்கிறீர்கள்?

மாமா: ஓனர் காதுக்குப் போகிற வரைக்கும்தானே பாப்பா அந்த 'ஹியர்'.