கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்

ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த மேடையில் பேசப்பட்டது என்னைப் பற்றித்தான் என்பது அரங்கில் இருந்தவர்களுக்கும் தெரியும், பிறகு காணொளியைப் பார்த்தவர்களுக்கும் தெரியும். பெயரைச் சொல்லாமல் விட்டதால் அது நாகரிகமாகிவிடாது. "முகநூலில இருந்துகொண்டு எங்கட பெடியளின்ர முயற்சியைக் குத்திக் கிழிக்கிற ஆக்கள்" என்று மேடையில் பேசியவர் சொன்னபோது கைதட்டியவர்களில் நாலைந்து பேராவது எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து தேநீர் குடித்தவர்கள். நான்கு நாட்கள் பொறுத்திருந்துவிட்டே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பெடியளின் மெட்டல் குழு, அதாவது கிட்டாரும் ட்ரம்ஸும் உரக்க ஒலிக்கும் ராக் இசைக்குழு, வெளியிட்ட இசைத்தொகுப்பைப் பற்றி முகநூலில் நான் எழுதியது என்ன என்பதை முதலில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அந்த இசைத்தொகுப்பின் ஒன்பது பாடல்களையும் கைபேசியில் ஒரு தடவையும், ஹெட்போனில் மூன்று தடவைகளும், வீட்டிலுள்ள பெரிய ஒலிபெருக்கியில் ஒரு தடவையும் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். கிட்டார் வாசிக்கும் தம்பியின் கைத்திறனையும், இரண்டாம் பாடலின் நடுவில் ட்ரம்ஸ் தாளம் மாறுகிற இடத்தையும் மனதாரப் பாராட்டியிருந்தேன். குறையாகச் சொன்னவை மூன்று. தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் பெரும்பாலான பாடல்களில் கேட்கவே இல்லை. முழுத்தொகுப்பையும் ஒரே உரப்பில் அழுத்தி வைத்திருப்பதால், நான்காம் பாடலின் அமைதியான தொடக்கமும் அதன்பின் வெடிக்க வேண்டிய பகுதியும் ஒரே அளவில் ஒலிக்கின்றன. "எங்கள் மண்ணின் பறை" என்று உறையில் எழுதப்பட்டிருக்கும் ஒலி எங்கள் மண்ணின் பறை அல்ல. இந்த மூன்றில் எதையும் பிழையென்று இதுவரை ஒருவரும் காட்டவில்லை. நான் எழுதியிருக்கக் கூடாது என்று மட்டுமே சொல்கிறார்கள்.

கேட்காமல் பாராட்டுவதை ஊக்குவிப்பு என்று அழைக்க என்னால் முடியாது. என் பதிவின் கீழே என்னைத் திட்டியவர்களிடம், ஐந்தாம் பாடலில் பேஸ் கிட்டார் எந்த இடத்தில் நுழைகிறது என்று கேட்டேன். ஒருவரும் பதில் தரவில்லை. ஒரு பிள்ளை ஏழு மாதம் விரல் தேய வாசித்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் வாசிப்பு கேட்கவில்லையே என்று கவலைப்பட்டவள் நான். கேட்காமலேயே "அருமை, வாழ்த்துகள்" என்று எழுதிவிட்டுப் போனவர்கள் ஊக்குவித்தவர்களாகவும் நான் கிழித்தவளாகவும் ஆகிவிட்டோம்.

"அக்கா, அவங்களுக்கு என்ன வசதி இருக்கு?" என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்த பிளாக் சபாத் என்ற மெட்டல் குழுவினர் தங்கள் முதல் இசைத்தொகுப்பை 1969 இல் ஏறத்தாழ ஒரே நாளில் பதிவுசெய்தார்கள். அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடது கைப் பழக்கம் உள்ளவராதலால் தந்திகளை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். 1970 பெப்ரவரியில் வெளிவந்த அந்தத் தொகுப்பை இன்று போட்டுக் கேளுங்கள். கீசர் பட்லரின் பேஸ் கிட்டார் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கும். வசதியின்மை உண்மைதான், அதை நான் அறியாதவள் அல்லள். ஆனால் ஒரு வாத்தியத்தைக் கேட்கும்படி வைப்பது வசதியைவிடக் கவனத்தையே கூடுதலாகக் கேட்கும் வேலை.

அதே தொகுப்பைக் காட்டி என்னை மடக்க வருபவர்களும் உண்டு. ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசை இதழில் விமர்சகர் லெஸ்டர் பாங்ஸ் அதை இகழ்ந்து எழுதினார், விமர்சகர்கள் எப்போதும் பிழைதான் விடுவார்கள் என்கிறார்கள். ஆம், எழுதினார். கிறீம் என்ற ஆங்கிலேய ராக் குழுவை மனதில் வைத்துக்கொண்டு, அதன் மட்டமான நகலாகவே அதைக் கண்டார். ஆனால் இரண்டு ஆண்டுகளில் அதே குழுவுக்கு ஆதரவாக நீண்ட கட்டுரை எழுதியவரும் அவரே. தொடர்ந்து கேட்டதால்தான் அவரால் மாற முடிந்தது. கேளாதவருக்கு மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? நானும் பிழை விடலாம். பாடலையும் நிமிடத்தையும் குறித்துக் காட்டுங்கள், அன்றைக்கே திருத்தி எழுதுகிறேன்.

பேஸ் விடயத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் கசற் கேட்ட தலைமுறை நாங்கள். கிளாலியில் இரவுப் படகேறிக் கடல்நீரேரியைக் கடந்து வந்த ஒருவர் கொண்டுவந்த, பலமுறை பிரதி எடுக்கப்பட்ட கசற் ஒன்றில் மெட்டாலிக்கா என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் 1988 ஆம் ஆண்டுத் தொகுப்பு இருந்தது. அண்ணா மிதியைச் சுற்றுவார்; நான் காதை ஒலிபெருக்கியோடு வைத்துக்கொண்டிருப்பேன். கை தளர்ந்தால் பாடகரின் குரல் இழுபடும். "எத்தனை பேர் வாசிக்கினம், சொல்லு பாப்பம்" என்பார். இரண்டு கிட்டாரையும் ட்ரம்ஸையும் சொல்லுவேன். "இன்னொராள் இருக்கிறான், வடிவாக் கேள்" என்று இன்னும் வேகமாகச் சுற்றுவார். எவ்வளவு சுற்றியும் அந்த ஆள் வரவில்லை. கசற்றின் பிழை, டைனமோவின் பிழை, என் காதின் பிழை என்றே நினைத்திருந்தேன். அந்தக் குழுவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பேர்ட்டன் 1986 இல் சுவீடனில் பேருந்து விபத்தில் இறந்தார் என்பதையும், அவருக்குப் பின் வந்த ஜேசன் நியூஸ்டெட்டின் வாசிப்பு ஒலிக்கலவையில் ஏறத்தாழக் கேட்காத அளவுக்குக் குறைக்கப்பட்டது என்பதையும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தேன். உலகம் முழுவதும் அந்தக் குழுவை நேசிப்பவர்களே இன்றுவரை அந்தக் குறையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் 2008 ஆம் ஆண்டுத் தொகுப்பு அளவுக்கு மீறி அழுத்தப்பட்டு ஒலி சிதைந்தபோது, அதைத் திரும்பக் கலந்து தரும்படி ஆயிரக்கணக்கான இரசிகர்கள் கையொப்பமிட்டுக் கேட்டார்கள். அவர்களை எவரும் துரோகிகள் என்று சொல்லவில்லை.

அந்தக் கசற்றை 1995 ஒக்டோபர் 30 இரவு விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். போர் நெருங்கி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்த இரவு அது. திரும்பி வந்தபோது வீட்டில் கதவும் இல்லை.

பறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் கூடுதலாக ஏச்சு விழுந்தது. தமிழ்நாட்டில் பறை என்று வாசிக்கப்படுவது ஒரு முகம் கொண்ட தட்டையான வாத்தியம். தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றி அடிப்பார்கள். இங்கே நாம் பறைமேளம் என்பது இரண்டு பக்கமும் தோல் போர்த்த உருளை வடிவ மேளம். இரண்டின் ஓசையும் வேறு. கணினியில் ஆயத்தமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டுப் பறை ஒலியை எடுத்து, நான்கு நிமிடத்துக்கு மாறாமல் சுழலவிட்டு, அதற்கு எங்கள் மண்ணின் பெயரை வைத்தால், எங்கள் மண்ணில் அதை வாசிக்கிற மனிதர் எங்கே போனார்? சாதியின் பெயரால் கோயில் வெளிவீதியிலும் சாவீட்டு முற்றத்திலும் நிறுத்தப்பட்ட கலைஞர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரை அழைத்து ஒலிவாங்கியின் முன் இருத்தியிருக்கலாம். இதைச் சொன்னதற்கு நான் இலத்திரனியல் இசைக்கு எதிரியாம். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1974 இல் நெடுஞ்சாலைப் பயணம் ஒன்றை இருபத்திரண்டு நிமிடத்துக்கும் மேலாக இயந்திரங்களால் இசைத்ததை எத்தனையோ இரவு கேட்டவள் நான். அங்கே இயந்திரம் இயந்திரமாகவே ஒலிக்கிறது. வேறொருவரின் கையாக நடிப்பதில்லை.

"பொம்பிளைக்கு மெட்டலைப் பற்றி என்ன தெரியும்" என்று எழுதியவருக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

ஆனால் உண்மையில் என்னை உறங்கவிடாதது அந்த மேடைப் பேச்சும் அல்ல, அந்தப் பின்னூட்டமும் அல்ல. அந்தக் காணொளிக்கு விருப்பக்குறி இட்டவர்களின் வரிசையில் என் அண்ணாவின் பெயர் இருந்தது. இன்று அவர் கனடாவில் இருக்கிறார். அழைத்து, "அண்ணா, அந்தப் பாட்டுகளைக் கேட்டனீங்களோ?" என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை, எங்கட ஊர்ப் பெடியள்தானே எண்டு போட்டனான்" என்றார். மிதியைச் சுற்றிச் சுற்றி, இல்லாத ஒருவனின் வாசிப்பைத் தேடிக் கேட்கப் பழக்கியவர் அவர். பக்கத்து அறையில் நல்ல ஒலிபெருக்கி இருந்தும் கேட்கவில்லை.

பதிவை நீக்கும்படி மூன்று நண்பர்கள் அன்பாகவே கேட்டிருக்கிறார்கள். நீக்க மாட்டேன். அண்ணாவுக்கு நான்காம் பாடலை மட்டும் அனுப்பியிருக்கிறேன். வருகிற ஞாயிறு அவர் அழைக்கும்போது, எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று நான் கேட்பேன்.