உடைஞ்ச ஊசி முனையைத் தேடற ஊருல, என் புள்ளை தலைக்கு ஒரு ஹெல்மெட் கெடைக்கல

நேத்து எங்க பனியன் கம்பெனியில மூணாவது லைன்ல ஓவர்லாக் ஊசி ஒண்ணு உடைஞ்சு போச்சுங்க. உடனே மிஷினை நிறுத்தியாச்சு. சூப்பர்வைசர் காந்தத்தை எடுத்துட்டு ஓடியாந்தாரு. ரெண்டு துண்டு கெடைச்சுது, முனை கெடைக்கல. மேசை மேல இருந்த பீஸ் எல்லாத்தையும் ஒட்டுக்கா அள்ளி மெட்டல் டிடெக்டர்ல விட்டோம். கடைசியில ரோம்பர்ங்கற ஒரு குட்டிக் குழந்தை உடுப்போட கழுத்து மடிப்புல அந்த முனை இருந்துச்சு. கடுகுல பாதிகூட இருக்காது. மூணு துண்டையும் சேர்த்து வெச்சு, முழு ஊசி ஆகுதான்னு பாத்து, டேப் போட்டு ரிஜிஸ்டர்ல ஒட்டி, நேரத்தை எழுதி, நாந்தான் கையெழுத்துப் போட்டேன். செக்கிங் செக்‌ஷன்ல பதினோரு வருஷமா இருக்கறேன். இதுல ஒரு நாளும் நான் சலிச்சுக்கிட்டது கெடையாது. எங்கியோ கடல் தாண்டி இருக்கற ஒரு பச்சக் குழந்தை கழுத்துல குத்தக் கூடாதுன்னுதான் அத்தனை பாடு. படத்தான் வேணும்.

ஆனா அதே திருப்பூருல, அதே நான், என்ற ஆறு வயசுப் பொண்ணு தலைக்கு ஒரு யோக்கியமான ஹெல்மெட் வாங்க முடியாம ஒரு மாசமா நாயா அலையறேன். வயிறு எரியுதுங்க. அதைச் சொல்லாம இனி என்னால இருக்க முடியாது.

எங்கூட்டுல ஒரு ஸ்கூட்டர், மூணு தலை. காலையில பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு, பெருமாநல்லூர் ரோட்டுல ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். சனிக்கிழமைச் சம்பளத்துல வாடகைக்கு, மளிகைக்கு, சீட்டுக்குன்னு எடுத்து வெச்சது போக ஹெல்மெட்டுக்குன்னு ஆளுக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கினேன். அந்த ஆயிரம் எங்க ரெண்டு பேருக்கும் லேசான காசு இல்ல. ஒன்றரை ஷிப்ட் பாத்து சேர்த்த காசு. அதைக் குடுத்தா உருப்படியான பொருள் வேணும்னு கேக்கறது தப்புங்களா?

எதுக்கு இத்தனை பிடிவாதம்னு கேப்பீங்க. ஆடி மாசம் எங்க லைன்ல இருக்கற டைலர் தம்பி காங்கயம் ரோட்டுல ஸ்பீடு பிரேக்கர்ல விழுந்தான். ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தான். விழுந்த வேகத்துல அது தனியா உருண்டு போய் டிவைடர்கிட்ட கெடந்துச்சு, இவன் தலை தார் ரோட்டுல. பதினாலு தையல். உசுரு பொழச்சது சாமி புண்ணியம். அந்த ஹெல்மெட்டை அவன் அண்ணன் கம்பெனிக்குக் கொண்டு வந்தாரு. சாப்பாட்டு நேரத்துல நான் நூல் வெட்டற ட்ரிம்மர எடுத்து அதோட உள் துணியைக் கிழிச்சுப் பாத்தேன். துணிக்கு அடியில ஒரு வெரல் மொத்தத்துக்கு ஸ்பாஞ்சு. தலகாணியில வெக்கற அதே ஸ்பாஞ்சு. அதுக்கு அடியில நேரா பிளாஸ்டிக் ஓடு. அவ்வளவுதான். தாடைப் பட்டையை ஓட்டோட சேர்த்திருந்த ரிவிட்டு கையில இழுத்ததும் பாதி வந்துருச்சு. மேல மட்டும் நல்லா பளபளன்னு ஒரு ஐஎஸ்ஐ ஸ்டிக்கர்.

நல்ல ஹெல்மெட்டுக்கு உள்ள கெட்டியான தெர்மாகோல் மாதிரி ஒரு அடுக்கு இருக்கணுங்க. அதுதான் தலையைக் காப்பாத்தறது. அடி விழுந்தா அது நசுங்கும். நசுங்கறப்போ அடியோட வேகத்தை அது வாங்கிக்கும், மூளைக்குப் போற அதிர்ச்சி கொறையும். அதனாலதான் ஒருக்கா பலமா அடிபட்ட ஹெல்மெட்டை, வெளிய கீறல் இல்லாட்டியும் மறுபடி போடக் கூடாதுங்கறாங்க. ஸ்பாஞ்சு என்ன செய்யும்? அமுக்கினா அமுங்கும், விட்டா எந்திரிக்கும். தலைக்கும் ரோட்டுக்கும் நடுவுல அது இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.

அந்த ஸ்டிக்கரைச் சும்மா விடல நானு. ஒழுங்கான முத்திரையில மேல ஐஎஸ் 4151ன்னு டூவீலர் ஹெல்மெட்டுக்கான தர நம்பர் இருக்கணும், கீழ சிஎம்/எல்னு போட்டு ஒரு லைசென்ஸ் நம்பர் இருக்கணும். இந்த முத்திரையைக் குடுக்கற அரசாங்க அமைப்போட பிஐஎஸ் கேர்னு ஒரு ஆப் இருக்குது, இலவசம். அந்த நம்பரைப் போட்டா எந்தக் கம்பெனி, என்ன பொருள், லைசென்ஸ் உசுரோட இருக்குதான்னு காட்டிரும். தம்பியோட ஹெல்மெட்டுல நம்பரே இல்ல. அடுத்த நாயித்துக்கெழமை ரோட்டோரம் தார்ப்பாய் விரிச்சு வித்துட்டிருந்த ஒருத்தர்கிட்ட நின்னு ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தேன். மூணுல நம்பர் இருந்துச்சு. மூணுலயும் ஒரே நம்பர், மூணும் வேற வேற கம்பெனிப் பேரு! ஆப்ல போட்டா அப்படி ஒரு லைசென்ஸே இல்லைன்னு வருது. நகத்தால சுரண்டினேன், ஸ்டிக்கர் வாழைப்பழத் தோலாட்ட உரிஞ்சு வந்துச்சு. “ஏங்க்கா, முந்நூறு ரூபாய்க்கு இதுக்கு மேல என்ன எதிர்பாக்கறீங்க? போலீஸுக்குக் காட்டத்தானே?”ன்னாரு.

போலீஸுக்குக் காட்டத்தானே! இந்த ஒரு வார்த்தைதாங்க எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது.

2015 ஜூலை 1லிருந்து கட்டாயம்னு ஹைகோர்ட் சொன்னப்போ ஊரே ஹெல்மெட் கடையில வரிசை கட்டி நின்னதை நாம பாத்தோம். 2022ல அபராதத்தை ஆயிரம் ரூபாய் ஆக்கினாங்க. சரி, போடட்டும். ஆனா சிக்னல்ல நிறுத்தறவங்க தலையில ஏதாவது இருக்குதான்னு மட்டும் பாக்கறாங்க. என்ன இருக்குதுன்னு பாக்கறதே இல்ல. சட்டத்துல வெறும் ஹெல்மெட்னு இல்லீங்க, தரச் சான்று உள்ள ஹெல்மெட்னுதான் இருக்குது. 2021 ஜூன் 1லிருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை நாட்டுல செய்யவும் கூடாது, விக்கவும் கூடாது. அப்புறம் எப்படிங்க பட்டப்பகல்ல ரோட்டோரம் அடுக்கி வெச்சு விக்க முடியுது? 2022ல மட்டும் ஹெல்மெட் போடாம செத்தவங்க 50,029 பேருன்னு மத்திய அரசே கணக்குச் சொல்லுது. அதுல 14,337 பேரு பின்னாடி உக்காந்து போனவங்க. இந்த ஸ்பாஞ்சுத் தொப்பியைப் போட்டுட்டுச் செத்தவங்களை எந்தக் கணக்குல எழுதுவாங்க? “ஹெல்மெட் போட்டிருந்தும் எறந்துட்டாரு”ன்னு எழுதுவாங்க. அதைய நாலு பேரு படிச்சுட்டு, போட்டாலும் சாகத்தான் போறோம்னு கழட்டி வெப்பாங்க.

சரி, பெரிய கடைக்கே போயிரலாம்னு போனா அங்க வேற கூத்து. ஆயிரம் ரூபாய்ல காட்டுங்கன்னா மூஞ்சியைச் சுளிக்கறாங்க. “அதெல்லாம் சேஃப்டி இல்லீங் மேடம், மூவாயிரத்துல பாருங்”கறாங்க. பயம் காட்டி விக்கறதுங்க இது. ஐஎஸ்ஐ சோதனை ஆயிரம் ரூபாய் ஹெல்மெட்டுக்கும் மூவாயிரம் ரூபாய் ஹெல்மெட்டுக்கும் ஒண்ணுதான். ரெண்டும் அதே அடியைத் தாங்கித்தான் முத்திரை வாங்கியாகணும். கூடக் குடுக்கற காசுல ஒரு பங்கு பெயிண்டுக்கும் படத்துக்கும், ரெண்டு கண்ணாடிக்கும், காத்துப் போற ஓட்டைக்கும் போகுது. வசதி இருக்கறவங்க வாங்கட்டும், நான் வேண்டாங்கல. ஆனா ஆயிரம் ரூபாய்க்காரனைப் பாத்து உன்ற உசுருக்கு உத்தரவாதம் இல்லைன்னு பொய் சொல்லாதீங்க. அவன் நேரா ரோட்டோரத்துக்குத்தான் போவான்.

சைஸ் கேட்டேன். “ஃப்ரீ சைஸ்தாங் மேடம்.”

திருப்பூருல, செக்கிங்காரிகிட்ட, ஃப்ரீ சைஸு! கால் இஞ்சு கூடினா ஒரு லாட்டையே திருப்பி அனுப்பற ஊருங்க இது. என் கைப்பையில எப்பவும் இஞ்சு டேப் இருக்கும். அங்கியே எடுத்து, புருவத்துக்கு ஒரு வெரல் மேல, பின்மண்டை எடுப்பைச் சுத்தி அளந்தேன். எனக்கு 56 செண்டிமீட்டர், எங்கூட்டுக்காரருக்கு 58. ஹெல்மெட் உள்ளயே 560, 580, 600ன்னு மில்லிமீட்டர்ல அளவு எழுதியிருக்குங்க, திருப்பிப் பாத்தாத் தெரியும். அந்தப் பையன் எனக்கு எடுத்துக் குடுத்தது 600. மாட்டிட்டுத் தலையை ஆட்டினா லோட்டாவுக்குள்ள எலுமிச்சம்பழமாட்ட ஆடுது. கன்னம் ரெண்டும் நல்லா அமுங்கிப் பிடிக்கணும், பட்டையைப் போட்டதுக்கப்புறம் பின்னாடியிருந்து மேல தூக்கிவிட்டாக் கழண்டு வரக் கூடாது. கொண்டையைத் தூக்கிப் போட்டிருந்தா எந்த ஹெல்மெட்டும் தலையில உக்காராது, கழுத்துக்கிட்ட எறக்கிப் பின்னிக்கோணும். இதையெல்லாம் சொல்லி விக்க வேண்டியது யாரு? பில் போடற நேரத்துல பாதி இதுக்குப் போதுமே.

இன்னொண்ணு. ஸ்கூட்டர் எடுத்தப்போ ஷோரூம்ல ஹெல்மெட்டுக்குன்னு தனியாக் காசு வாங்கினாங்க. புது டூவீலர் விக்கறப்போ தரச் சான்று உள்ள ஹெல்மெட்டையும் சேர்த்துக் குடுக்கோணும்னு மோட்டார் வாகன விதியிலயே இருக்குதுன்னு எனக்கு அப்பத் தெரியல. தெரியாதவங்ககிட்ட வாங்கறதுதானே சுளுவு.

இதெல்லாம்கூட நாங்க பெரியவங்க, எப்படியோ சமாளிச்சு ஆளுக்கு ஆயிரத்து நூறு ரூபாய்ல 560 ஒண்ணும் 580 ஒண்ணும் வாங்கிட்டோம். லைசென்ஸ் நம்பரைக் கடையிலயே ஆப்ல போட்டுப் பாத்துட்டுத்தான் காசு எடுத்தேன்.

பாப்பாவுக்குத்தான் ஒண்ணும் அமையல. அவ தலை 51 செண்டிமீட்டர். நாலு வயசுக்கு மேல இருக்கற எல்லாரும் ஹெல்மெட் போடணும்னு சட்டம். ஒம்பது மாசத்துலிருந்து நாலு வயசு வரைக்கும் உள்ள குழந்தைக்கு ஹெல்மெட், உடம்போட கட்டற பெல்ட், வண்டி நாப்பது கிலோமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு 2023 பிப்ரவரி 15லிருந்து விதி. நல்ல விதிதான். பொருள் எங்கீங்க? அவினாசி, திருப்பூர், கோயமுத்தூருல காந்திபுரம், எட்டுக் கடை ஏறி எறங்கினேன். எல்லாம் பொம்மை படம் ஒட்டின பிளாஸ்டிக் தொப்பி. ஒண்ணுலயும் நம்பர் இல்ல. ஒரு கடையில, “குழந்தைக்கெல்லாம் யாருங்க்கா கேக்கறாங்க?”ன்னாங்க.

வேற வழியில்லாம ஆன்லைன்ல தேடினேன். ‘கிட்ஸ் பைக் ஹெல்மெட்’னு தலைப்பு, கீழ இஎன் 1077ன்னு சான்று, விலை ஆயிரத்து நூத்தம்பது. சைக்கிள் ஹெல்மெட்டுக்கு ஐரோப்பாவுல இஎன் 1078னு ஒரு தரம் இருக்குதுன்னு படிச்சிருந்தேன். அதோட வகைதான் போலன்னு நம்பிப் போட்டுட்டேன். பெட்டியைப் பிரிச்சா காது ரெண்டையும் மூடற மொத்தமான பஞ்சு மடல், உள்ள கம்பளியாட்டத் துணி, பின்மண்டையில ஒரு கொக்கி. எதுக்குன்னே புரியல. எங்க கம்பெனியில ஆர்டர் பாத்துக்கற மெர்ச்சண்டைசர் பொண்ணு பாத்துட்டு, “அக்கா, இது பனிச்சறுக்கு ஹெல்மெட். அந்தக் கொக்கி பனிக் கண்ணாடியோட வாரை மாட்டறதுக்கு”ன்னா. 1077ங்கறது ஸ்கீயிங் பண்றவங்களுக்கான தரமாம். ஒரே ஒரு நம்பர் வித்தியாசம்!

அந்த ஹெல்மெட் மேல எனக்குக் கோபம் இல்ல. குல்மார்க்லயோ ஆலியிலயோ பனியில சறுக்கற புள்ளைக்கு அது பொருத்தமான பொருளாவே இருக்கலாம். கைக்கு அடக்கமா, காதுக்குக் கதகதப்பா, அந்த வேலைக்குன்னு செஞ்சு, அந்த வேலைக்குன்னு சோதிச்சது. அதைய எடுத்து ‘பைக் ஹெல்மெட்’னு பேரு போட்டு, சித்திரை வெயில்ல லாரிக்கு நடுவுல போற புள்ளை தலைக்கு வித்தாங்க பாருங்க, அவங்க மேலதான் கோபம். காதை அடைச்சா பின்னாடி அடிக்கற ஹாரன் எப்படிக் கேக்கும்? லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல விழற அடிக்கு அதைச் சோதிச்சவங்க யாரு? திருப்பி அனுப்பறேன்னா, டேக் கழட்டியாச்சு, எடுத்துக்க முடியாதுன்னு பதில். டேக் கழட்டாமத் தலையில எப்படிங்க மாட்டிப் பாக்கறது? ஆயிரத்து நூத்தம்பது ரூபாய் போச்சு. அதுகூடப் போகட்டும். அந்தப் பொண்ணு பாக்காம இருந்திருந்தா, அதையே நம்பிப் பாப்பாவை தெனமும் உக்கார வெச்சுட்டுப் போயிருப்பேனே. அதை நெனச்சாத்தான் இப்பவும் ஈரக்கொலை நடுங்குது.

எங்க மாமனாரு, “நாங்கெல்லாம் என்னத்தப் போட்டுட்டாடா வண்டி ஓட்டினோம்?”னு கேக்கறாரு. அவரு காலத்துல இந்த ரோட்டுல நிமிஷத்துக்கு ஒரு வண்டி, மாமா. இப்ப ரோட்டைத் தாண்ட அஞ்சு நிமிஷம் நிக்கறோம்.

நான் என்ன பெருசாக் கேட்டுட்டேன்? ரோட்டோரத்துல விக்கறதை ஒரு வாரம் ஒழுங்கா அள்ளுங்க. டெல்லியில லைசென்ஸ் போன கம்பெனிகள்கிட்ட ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல பறிமுதல் செஞ்சதாச் செய்தி வந்துச்சே, அதே கை இங்க நீளாதா? சிக்னல்ல அபராதம் போடறவங்க, ஹெல்மெட்டைக் கழட்டி ஒரு தடவை உள்ள பாருங்க. குழந்தை அளவு ஹெல்மெட்டை ரேஷன் கடையில வெச்சாக்கூட வாங்கிக்கறோம். எங்க லைன்ல ஒரு ஊசி முனைக்கு ரிஜிஸ்டர் இருக்குது, நேரம் இருக்குது, கையெழுத்து இருக்குது. கேட்டா இன்னார் பொறுப்புன்னு சொல்ல ஒரு ஆள் இருக்குது. அந்த ஸ்பாஞ்சுத் தொப்பிக்குக் கையெழுத்துப் போட்டது யாருங்க?

கோயமுத்தூருல ஒரு கடைக்காரரு மட்டும் நான் சொன்ன அளவை நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டு, பதினஞ்சு நாள்ல நம்பரோட வரவெச்சுத் தர்றேன்னு இரநூறு ரூபாய் அட்வான்ஸ் வாங்கினாரு. இன்னிக்குப் பதினெட்டாவது நாள். போன் பண்ணினா லோடு வரலைங்கறாரு. அதுவரைக்கும் பாப்பாவை வண்டியில ஏத்தறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். பெருந்துறையில இருந்து எங்கம்மா வந்திருக்காங்க. முட்டி வலியோட தெனமும் ரெண்டு நேரம் மினி பஸ் படி ஏறி, அம்மிச்சி கையைப் பிடிச்சுட்டுத்தான் அவ பள்ளிக்கூடம் போய்ட்டு வர்றா.