வழக்கறிஞர் கட்டணம்: முறையிட ஓர் இடம் வேண்டும்

வழக்கறிஞருக்கும் அவருடைய கட்சிக்காரருக்கும் கட்டணத்தில் தகராறு வந்தால், "இருவரும் பேசி ஒத்துக்கொண்ட தொகைதானே, இதில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை?" என்று சட்டம் படித்தவர்களே கேட்கிறார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கைதாகும் அச்சத்திலோ, சொத்து கைநழுவும் பதற்றத்திலோ வக்காலத்தில் கையெழுத்திடும் ஒருவருக்குத் தன் வழக்கு எவ்வளவு உழைப்பைக் கேட்கும் என்று தெரியாது. வழக்கு முடிந்த பிறகும் அவரால் அதை அளந்து பார்க்க முடியாது. செய்த வேலையின் அளவையும் அதன் விலையையும் ஒரே தரப்பு சொல்ல, மறுதரப்பு நம்பிக் கொடுக்கும் உறவு இது.

இங்கிலாந்தில் வழக்கறிஞரின் கட்டணப் பட்டியலை நீதிமன்றம் சரிபார்க்கும் முறைக்கு 1729-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் தரப்பட்டது. இன்று நடப்பில் உள்ள 1974-ஆம் ஆண்டு சொலிசிட்டர்கள் சட்டத்தின் 70-ஆவது பிரிவின்படி, பட்டியல் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் கட்சிக்காரர் கேட்டால் நீதிமன்றம் அதைச் சரிபார்க்க உத்தரவிட்டே ஆக வேண்டும். அதற்காகப் பணம் கட்டி வைக்கும்படி அவரிடம் கேட்கவும் கூடாது. தொகையைச் செலுத்தி 12 மாதங்கள் கடந்துவிட்டால் அந்த வழி அடைபடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது செலவைப் பற்றிய விதி: பட்டியல் தொகை ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைக்கப்பட்டால் சரிபார்ப்புக்கான செலவைப் பொதுவாக வழக்கறிஞர் ஏற்க வேண்டும், அவ்வளவு குறையாவிட்டால் கட்சிக்காரர் ஏற்க வேண்டும். மிகையாகக் கேட்பவருக்கும் வீம்புக்கு முறையிடுபவருக்கும் ஒரே விதி கடிவாளம் போட்டுவிடுகிறது. இழப்பீட்டுத் தொகையிலிருந்து வழக்கறிஞர் தம் கட்டணத்தைத் தாமே கழித்துக்கொண்டால் அதைக் கட்சிக்காரர் "செலுத்தியதாக" எடுத்துக்கொள்ள முடியாது, பட்டியலைப் பார்த்து அந்தத் தொகைக்கு அவர் சம்மதித்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் கட்டண அளவுகளைச் சட்டமே வகுத்திருக்கிறது. அதற்கு மேல் பேசி முடித்த தொகை பொருத்தமற்ற அளவுக்கு மிகுந்திருந்தால், வழக்கறிஞர் மன்றத்தின் கருத்தைக் கேட்டு நீதிமன்றம் அதைக் குறைக்கலாம்.

இந்தியாவில் நிலைமை வேறு. வழக்கறிஞர் தம் கட்டணத்தை ஒப்பந்தத்தின் மூலம் முடிவுசெய்துகொள்ளவும், வராத கட்டணத்துக்கு வழக்குத் தொடுக்கவும் 1926-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. அந்தக் கட்டணம் நியாயமானதா என்று பார்க்கும்படி கட்சிக்காரர் எளிதில் கேட்பதற்கு அப்படியொரு தனி வழி இல்லை. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவின் கீழ் பார் கவுன்சில் கண்டிக்கலாம், தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பெயரையே நீக்கலாம். ஆனால் கட்டணக் கணக்கைச் சரிபார்த்துக் குறைப்பது அந்தத் தண்டனைகளில் ஒன்றல்ல. நுகர்வோர் ஆணையத்தின் கதவையும் 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் மூடிவிட்டது. எஞ்சியிருப்பது உரிமையியல் வழக்கு. ஒரு வழக்கறிஞரின் கட்டணத்தை எதிர்க்க இன்னொரு வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டிய வழி அது.

விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணின் இழப்பீட்டு வழக்கில், கிடைத்த தொகையில் விழுக்காடு கணக்கிட்டுக் கட்டணம் கேட்கப்பட்டது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்ததைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். நல்ல தீர்ப்புதான். ஆனால் கட்டணத்தைச் சரிபார்க்கும்படி அந்தப் பெண் கேட்டு அந்தக் கேள்வி அங்கே எழவில்லை. கட்டணத்துக்காக வாங்கப்பட்ட காசோலை திரும்பியதால் வழக்கறிஞர் அவர்மீது தொடுத்த குற்ற வழக்கை ரத்து செய்யக் கோரியபோதுதான் எழுந்தது. குற்றம் சாட்டப்பட்டவராக நின்றால்தான் கட்டணத்தைப் பற்றிக் கேட்க முடியும் என்பதை ஒரு பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

சரிபார்ப்பு என்று வந்தால் வழக்கு இரகசியங்கள் வெளிவரும், முடிவு தெரிந்த பிறகு உழைப்பை எடைபோடுவது நியாயமாகாது என்ற மறுப்புகளில் பொருள் இருக்கிறது. முதலாவதற்கு மூடிய அறை விசாரணை போதும். இரண்டாவது உண்மையிலேயே கடினமானது. தோற்ற வழக்கில் உழைப்பு கூடுதலாகவும், வென்ற வழக்கில் சொற்பமாகவும் இருந்திருக்கலாம். எனவே வேலையின் சிக்கல், செலவான நேரம், முன்கூட்டிச் சொன்ன மதிப்பீடு ஆகியவற்றையே நீதிபதி பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனிக்கட்டணம் வாங்கப்படும் இடத்தில், அந்த வாய்தாவைக் கேட்டது யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

வழக்கறிஞர்களுக்கும் இது கெடுதல் இல்லை. பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமையில்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வேலையை முடித்துக் கொடுத்தும் கட்டணம் கிடைக்காத இளம் வழக்கறிஞர் இன்று பல ஆண்டுகள் இழுக்கும் வசூல் வழக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வக்காலத்தோடு எழுத்து வடிவில் ஒரு கட்டணக் குறிப்பு, மூல வழக்கு நடந்த நீதிமன்றத்திலேயே சுருக்க விசாரணை, குறுகிய காலக்கெடு ஆகிய மூன்றும் இருந்தால், கட்சிக்காரர் போடும் அதே சரிபார்ப்பு மனுவை அவரும் போட்டுத் தம் பாக்கியை அங்கேயே வசூலித்துக்கொள்ளலாம்.