அட்ரஸ்டீடெயில்ஸ் வடிகட்டி அல்ல

நாமினாட்டிமில் (ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் இடம் தேடும் சேவை) தேடும்போது 'அட்ரஸ்டீடெயில்ஸ்=1' (addressdetails=1) என்ற அமைப்பைச் சேர்த்தால் நம்ம ஊர் முடிவுகள் மட்டும் வரும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இல்லைங்க, அது எதையும் வடிகட்டாது. வருகிற முகவரியைத் தெரு, ஊர், மாநிலம், நாடு என்று பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். சேலம் என்று தேடினால் நம்ம சேலத்தோடு அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத் தலைநகர் சேலமும், மாசசூசெட்ஸ் சேலமும் சேர்ந்தே வரலாம். நாட்டை மட்டும் கட்டுப்படுத்த 'கன்ட்ரிகோட்ஸ்' (countrycodes, நாட்டுக் குறியீடு) போடுங்கள். ஒரு பகுதிக்குள் நிறுத்த 'வியூபாக்ஸ்' (viewbox, வரைபடத்தில் ஒரு செவ்வகப் பகுதி) மட்டும் போதாது, கூடவே 'பவுண்டட்=1' (bounded=1) வேண்டும்; இல்லையென்றால் அந்தப் பகுதிக்கு முன்னுரிமை மட்டும் கிடைக்கும், வெளியே இருப்பதும் முடிவுகளில் வரும்.

சரி, வந்ததை நம்ம ஜாவாஸ்கிரிப்டிலேயே ஃபில்டர் பண்ணிக்கலாமே என்றால், பண்ணலாம், ஆனால் சும்மா விட்டால் பத்து முடிவுதான் வரும், அந்தப் பத்தும் வேறு ஊராக இருந்தால் கடைசியில் காலிப் பட்டியல்தான் மிஞ்சும் (எத்தனை முடிவு வேண்டும் என்று சொல்லும் 'லிமிட்'டை 40 வரைதான் ஏற்றலாம்). அப்புறம், பிரித்து வரும் முகவரியில் 'சிட்டி' என்ற பகுதியை மட்டும் பார்த்து ஃபில்டர் எழுதாதீர்கள். சின்ன ஊர்கள் 'டவுன்', 'வில்லேஜ்' என்று வேறு பெயரில் வரும். நான் இதில் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.