செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கேஸ், இந்தப் பக்கம் ஒரு கேஸ்

பொள்ளாச்சில இருந்து பாலக்காடு போற ரோட்டுல கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினா கேரளா. நம்ம வீடு கொழிஞ்சாம்பாறை பக்கம், கொப்பரைக் களம் தமிழ்நாட்டுக்குள்ள, ஓட்டு கேரளாவுல, மாமனார் ஊரு பொள்ளாச்சி. காலைல மலையாள சேனல், ராத்திரி தமிழ் சேனல். ரெண்டு ஊர் தேர்தலையும் ஓசில பாக்கற யோகம் நமக்கு. 2026ல மறுபடியும் ரெண்டு பக்கமும் சட்டமன்றத் தேர்தல் சூடு ஏறுச்சு, வாட்ஸ்அப்புல பழைய கேஸ் எல்லாம் தூசி தட்டி வர ஆரம்பிச்சிருச்சு, அதான் இதை எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

2021ல ரெண்டு மாநிலத்துக்கும் ஒரே நாள்ல ஓட்டு, ஏப்ரல் 6. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி செக்போஸ்ட் பக்கத்துல டீ குடிச்சிட்டு நிக்கறேன், தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு ஜீப் வருது, கறுப்பு சிவப்புக் கொடி, கை போட்ட கொடி, அரிவாள் சுத்தியல் கொடி மூணும் ஒரே வண்டில. மைக்குல பொள்ளாச்சிப் பொண்ணுங்களுக்கு நியாயம் வேணும்னு பேச்சு. சரின்னு டீயக் குடிச்சிட்டு வீட்டுக்கு வண்டிய எடுத்தேன், ரெண்டு கிலோமீட்டர் போறதுக்குள்ள கேரளாப் பக்கம் இன்னொரு மைக்கு, அங்க கைக்காரங்க அரிவாள்காரங்களைப் பாத்து வாளையார் குழந்தைங்க கேஸ் என்னாச்சுன்னு கிழிக்கறாங்க. அங்க தோள் மேல கை, இங்க சட்டைக் காலர்ல கை. ஆள் வேற, கட்சி அதேதான். எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு கோபப்படணும்ங்கறதை அந்த செக்போஸ்ட் கம்புதான் முடிவு பண்ணுது.

பொள்ளாச்சி கேஸ், அதாவது பொண்ணுங்களைப் பாலியல் கொடுமை பண்ணி வீடியோ எடுத்து மிரட்டின கேஸ், வெளிய வந்தது 2019 பிப்ரவரி கடைசி, மார்ச். எம்.பி. தேர்தல் ஏப்ரல் 18. அந்த மார்ச் மாசம் எப்படி இருந்துச்சுன்னு இங்க இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். அந்த வீடியோ ஒவ்வொரு போனுக்கும் வந்துச்சு, அதுக்குக் கீழ "இவங்களுக்கா உங்க ஓட்டு"ன்னு ஒரு வரி. ஒரு பொண்ணு கதறினதை பிட் நோட்டீஸ் மாதிரி சுத்த விட்டாங்க. நியாயம் கேக்கறேன்னு ஃபார்வர்ட் பண்ணினவன் பாதிப் பேர் அதை முழுசாப் பாத்துட்டுத்தான் பண்ணினான், சும்மா சொல்லக்கூடாது.

எங்க களத்துல தேங்காய் உடைக்க ஒரு அக்கா வருவாங்க, பேரு வேண்டாம். கை அவ்வளவு வேகம், பேசிட்டே அருவாள்ல ஒரே போடு, தண்ணி தெறிச்சு ரெண்டா விழும். அவங்க பொண்ணு அப்ப பொள்ளாச்சில காலேஜ் ரெண்டாம் வருஷம், பஸ்ல போயிட்டு வரும். அந்த மார்ச்சுல ஒரு நாள் வேலைக்கு நடுவுல அருவாளைக் கீழ வெச்சிட்டு, "தம்பி, நாளையில இருந்து புள்ளைய அனுப்பலீங்க"ன்னாங்க. நான் எவ்வளவோ சொன்னேன், இன்னும் ஒரு வருஷம்தானக்கா இருக்குன்னு. "ஊரே அந்தப் படத்தப் பாக்குது, நாளைக்கு எம்புள்ளைய ஒருத்தன் பாத்துச் சிரிச்சா அவங்கப்பன் என்ன பண்ணுவாருன்னு தெரியாதுங்க"ன்னாங்க. அவ்வளவுதான், நின்னு போச்சு. அந்தப் பொண்ணுக்கும் அந்த கேஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இப்படி எத்தனை பொண்ணுங்க நின்னாங்கன்னு எந்தக் கட்சி மேடைலயும் யாரும் கணக்கு சொன்னதில்ல.

2025 மே 13 கோயம்புத்தூர் மகளிர் கோர்ட்டுல தீர்ப்பு வந்துச்சு. 9 பேருக்கும் சாகற வரைக்கும் ஜெயில், பாதிக்கப்பட்டவங்களுக்கு மொத்தம் 85 லட்சம் இழப்பீடு. அன்னிக்கு மத்தியானமே ஆரம்பிச்சாச்சு, நாங்கதான் சிபிஐக்குக் கொடுத்தோம்னு ஒரு கட்சி, நாங்க போராடலைன்னா மூடி மறைச்சிருப்பாங்கன்னு இன்னொரு கட்சி. அப்பா சாமி, ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்கடா. இத்தனை வருஷம் கழிச்சு, அதுல சிலருக்குப் புதுக் குடும்பம் புது வாழ்க்கைன்னு ஆயிருந்திருக்கும், அந்த நிலைமைல அந்தப் பொண்ணுங்க மூடின கோர்ட்டுக்குள்ள வந்து சாட்சி சொன்னாங்க. ஒரு சாட்சி கூட பிறழல. இந்த ஊர்ல ஒரு அடிதடி கேஸுக்கே சாட்சி பிறழ்ந்துருவாங்க, பஞ்சாயத்துல ஒரு பிரியாணில முடிஞ்சிரும். பிறழாம நின்னது அவங்க, கிரெடிட் எடுக்கறது இவனுங்க.

தீர்ப்பு வந்தன்னிக்கு அந்த அக்காகிட்ட சொன்னேன். "ம்ம், டிவில பாத்தனுங்க"ன்னுட்டு தேங்காயை எடுத்தாங்க. சித்த நேரம் கழிச்சு, "என்ற புள்ளைக்கு இப்ப ரெண்டு கொழந்தைங்க தம்பி"ன்னாங்க. நான் அதுக்கு என்ன சொல்லறது, லாரி லோடு கணக்கு பாக்கப் போயிட்டேன்.

இன்னொரு விஷயம், இதைப் பத்தி ரெண்டு பக்கமும் பேச மாட்டாங்க. 2019ல புகார் கொடுத்த பொண்ணோட பேரை வெளிய விட்டது யாரு? போலீஸ் அதிகாரி பிரஸ் மீட்டுல சொன்னாரு, அப்புறம் அரசாணைலயே பேரு வந்துச்சு. மதுரை ஹைகோர்ட்டு கிளை 25 லட்சம் கொடுக்கச் சொல்லுச்சு. அப்ப ஆட்சி அதிமுக. 2024 டிசம்பர்ல அண்ணா யுனிவர்சிட்டி மாணவி பாலியல் கேஸ், அந்தப் பொண்ணோட விவரத்தோட எஃப்ஐஆர் வெளிய கசிஞ்சு போன் போனாப் போச்சு, ஹைகோர்ட்டு மறுபடியும் 25 லட்சம் கொடுக்கச் சொல்லுச்சு. இந்தத் தடவை ஆட்சில இருந்தது திமுக. ஆட்சி மாறிருச்சு, தொகை கூட மாறல பாருங்க. 2019ல கத்தினவங்க 2024ல டெக்னிக்கல் கோளாறுன்னாங்க, 2019ல வாய மூடிட்டு இருந்தவங்க 2024ல "யார் அந்த சார்"னு பேட்ஜ் குத்திட்டு வந்தாங்க, ஒருத்தர் கோயம்புத்தூர்ல சட்டையக் கழட்டி சாட்டையால அடிச்சுக்கிட்டாரு. ஆனா ஒண்ணு, அந்த கேஸ் அஞ்சாறு மாசத்துல முடிஞ்சுது, 2025 ஜூன் 2ல 30 வருஷத்துக்குக் குறையாத ஆயுள் தண்டனை. அப்ப வேகமா முடிக்க முடியும்தானே? பொள்ளாச்சிக்கு மட்டும் எதுக்கு ஆறு வருஷம்? கொடநாட்டுல 2017 ஏப்ரல்ல காவலாளியக் கொன்னாங்களே, 2021 தேர்தல்ல திமுக மேடைக்கு மேடை அதுதான் பேச்சு, ஆட்சிக்கு வந்தா உண்மைய வெளிய கொண்டு வருவோம்னு, 2025லயும் விசாரணை விசாரணைன்னே போயிட்டு இருந்துச்சு.

கேரளாக்காரன் ஒசத்தின்னு மட்டும் சொல்லிறாதீங்க, நான் அங்கதான் ஓட்டு போடறேன். 2012ல, சி.பி.எம்.ல இருந்து பிரிஞ்சு தனிக் கட்சி நடத்தின டி.பி. சந்திரசேகரனை மே 4 வெட்டிக் கொன்னாங்க, நெய்யாற்றின்கரை இடைத்தேர்தல் ஜூன் 2, அந்த ஒரு மாசமும் 51 வெட்டுங்கற நம்பர்தான் பிரச்சாரம். 2016ல பெரும்பாவூர்ல சட்டம் படிச்ச பொண்ணைக் கொன்னப்ப ஓட்டுக்கு மூணு வாரம் கூட இல்ல, எல்லாக் கட்சித் தலைவரும் அந்த ஒத்தை ரூம் வீட்டுக்கு வரிசை கட்டிட்டாங்க, ஆளைப் பிடிச்சது தேர்தல் எல்லாம் முடிஞ்சு ஜூன்ல, அதுவும் நம்ம காஞ்சிபுரத்துல. சோலார் கேஸ்னு ஒண்ணு, சோலார் மோசடில சிக்கின ஒரு பொண்ணு முன்னாள் முதலமைச்சர் உம்மன் சாண்டி உட்பட சிலர் மேல கொடுத்த பாலியல் புகார், அதை 2021 ஜனவரில, தேர்தலுக்கு மூணு மாசம் கூட இல்லாதப்ப சிபிஐக்குக் கொடுத்தாங்க, சிபிஐ 2022 கடைசில உம்மன் சாண்டி மேல ஒண்ணும் இல்லைன்னுச்சு. அடுத்த வருஷம் மனுஷன் போயே போயிட்டாரு.

சரி, வாளையார். என்னால லேசா எழுத முடியாத கேஸ் இது, ஏன்னா நம்ம வண்டி வாராவாரம் அந்த வழியாப் போகுது. 13 வயசு, 9 வயசு. 2017 ஜனவரில மூத்தது, மார்ச்சுல சின்னது, ரெண்டும் ஒரே வீட்டுல தூக்குல. நடுவுல ரெண்டு மாசம் கூட இல்ல. முதல் சாவை ஒழுங்கா விசாரிச்சிருந்தா ரெண்டாவது குழந்தை இருந்திருக்கும், இதுக்கு எனக்கு எந்தக் கட்சியும் விளக்கம் சொல்ல வேண்டாம். 2019 அக்டோபர்ல பாலக்காடு போக்சோ கோர்ட்டு குற்றம் சாட்டப்பட்டவங்களை விடுதலை பண்ணுச்சு, 2021 ஜனவரில ஹைகோர்ட்டு அதை ரத்து பண்ணி மறு விசாரணைன்னுச்சு, அப்புறம் சிபிஐ. நடுவுல அந்தக் குழந்தைங்களோட அம்மா மொட்டை அடிச்சுக்கிட்டாங்க, தர்மடத்துல முதலமைச்சரை எதுத்து சுயேச்சையா நின்னாங்க, சின்னம் என்ன தெரியுமா, குட்டிப் பொண்ணு போடற கவுன். பினராயி ஐம்பதாயிரம் ஓட்டுக்கு மேல ஜெயிச்சாரு. 2025 ஜனவரில சிபிஐ அந்த அப்பா அம்மாவையே குற்றவாளிப் பட்டியல்ல சேத்துருச்சு. உண்மை என்னன்னு கோர்ட்டுதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு அந்தம்மா பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தவங்க அந்த போட்டோவை இப்ப தேடித் தேடி அழிக்கறாங்க, அன்னிக்கு வாயத் திறக்காதவங்க இன்னிக்கு பாத்தியா நாங்க அப்பவே சொன்னோம்ங்கறாங்க. அந்த ரெண்டு குழந்தைங்களைப் பத்தி ரெண்டு கூட்டமும் பேசல.

2025 டிசம்பர்ல கேரளா உள்ளாட்சித் தேர்தல். 8ஆம் தேதி, 2017ல நடிகையைக் கடத்திப் பாலியல் கொடுமை பண்ணின கேஸ்ல தீர்ப்பு, ஆறு பேர் குற்றவாளி, நடிகர் திலீப் விடுதலை. 9ஆம் தேதி முதல் கட்ட ஓட்டு. அன்னிக்கே ஒரு முன்னணியோட கன்வீனர் நடிகருக்கு நியாயம் கிடைச்சுதுன்னு சொல்லிட்டு அப்புறம் மாத்திப் பேச வேண்டியதாப் போச்சு. எங்களுக்கு 11ஆம் தேதி ஓட்டு. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமையே ஒரு வார்டு வேட்பாளர் வீட்டுக்கு வந்தாரு, நல்ல மனுஷன், நம்மகிட்ட தேங்காய் வாங்கறவர்தான். உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு கேட்டேன், ஏனுங்க, உங்க கட்சி போன தேர்தல்ல வாளையார் வாளையார்னு சொல்லிட்டு வந்துச்சே, இந்தத் தடவை நோட்டீஸ்ல ஒரு வரி கூடக் காணோமேன்னு.

நோட்டீஸைத் திருப்பிப் பின்பக்கமும் பாத்தாரு. அப்புறம் மெதுவா, "சேட்டா, அது புதுசேரி பஞ்சாயத்தாணு, நம்மட பஞ்சாயத்து அல்லல்லோ"ன்னாரு.